சோறு வடித்ததால் சுவர் கறுத்துவிடுமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் கும்பகோணம் பக்கம். நான் லண்டனில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். கணவர், இரண்டரை வயதுப் பையன், நான் மூவரும் ஈஸ்ட் ஹாமில் ஒரு பழைய செங்கல் வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரரும் தமிழர்தான். அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம், வந்த புதிதில் நிறைய உதவியவர். பையன் தூங்கும் பின்பக்க அறையில் வெளிச்சுவர் மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் கறுப்பாகப் பூஞ்சை படிகிறது. ஜன்னலுக்கு மேலே ஒரு பழுப்புத் திட்டு, மழை பெய்தால் பெரிதாகிறது. போன நவம்பரில் அங்கிளே வந்து துடைத்து, பூஞ்சை வராத பெயின்ட் என்று ஒன்றை அடித்தார். ஜனவரியில் மறுபடி வந்துவிட்டது. கேட்டால், "தினமும் சோறு வடிக்கிறீர்கள், இட்லி அவிக்கிறீர்கள், துணியை உள்ளே காயப்போடுகிறீர்கள், ஜன்னலைத் திறப்பதே இல்லை, பிறகு எப்படி?" என்கிறார். பையனுக்கு இருமல் விட்டபாடில்லை. கவுன்சிலில் (இங்கே நகராட்சி மாதிரி) சொல் என்கிறாள் உடன் வேலை செய்யும் தோழி. சொன்னால் காலி செய்யச் சொல்வாரோ, விசாவுக்குப் பிரச்சினை வருமோ என்று பயமாக இருக்கிறது. குளியலறை ஃபேன் ஓடுவதில்லை. வீட்டையும் தண்ணீரையும் சூடாக்கும் சமையலறை கேஸ் பாயிலரும் அடிக்கடி நின்றுவிடுகிறது, அதைச் சுற்றிச் சுவரில் கறை மாதிரி இருக்கிறது. கேஸ் சர்ட்டிஃபிகேட் என்று எதுவும் தந்ததில்லை. என்ன செய்யலாம்? பேசாமல் வேறு வீடு பார்த்துவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது பூஞ்சையைப் பற்றி. அதற்கு வருகிறேன். ஆனால் வீடுகளைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு உங்கள் கடிதத்தில் பயம் தந்தது, கடைசியில் போகிற போக்கில் சொன்ன பாயிலர் விஷயம். அடிக்கடி நிற்கிறது, சுற்றிலும் கறை, சர்ட்டிஃபிகேட் இல்லை. இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால், பூஞ்சையை ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டு இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கறை வெறும் தண்ணீர்க் கசிவாக இருக்கலாம். கேஸ் சரியாக எரியாமல் படிந்த புகைக்கரியாகவும் இருக்கலாம். அப்படியானால் கார்பன் மோனாக்சைடு வெளியே வருகிறது என்று பொருள். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

இன்றைக்கே கடைக்குப் போய் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்குங்கள். பெட்டியில் பி.எஸ். ஈ.என். 50291 என்ற முத்திரை இருக்க வேண்டும். பாயிலர் இருக்கும் அறையிலேயே, அதிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். உண்மையில் அதை வாங்கி வைக்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான். 2022 அக்டோபர் 1 முதல், கேஸ் அடுப்பைத் தவிர எரிபொருளில் ஓடும் எந்தக் கருவி பொருத்தியிருந்தாலும் அந்த அறையில் இந்த அலாரமும், ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரமும் இருந்தே ஆக வேண்டும். ஆனால் அவர் வாங்கித் தரட்டும் என்று காத்திருக்கிற விஷயமல்ல இது. வீட்டில் இருக்கும்போது தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்றால் பாயிலரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறி 0800 111 999 என்ற கேஸ் அவசர எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இரவானாலும் எடுப்பார்கள்.

கேஸ் சர்ட்டிஃபிகேட் தருவது வீட்டுக்காரரின் பெருந்தன்மையைப் பொறுத்ததல்ல. கேஸ் சேஃப் என்ற அதிகாரபூர்வப் பட்டியலில் பதிவுள்ள ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து சோதிக்க வேண்டும். அந்தச் சான்றின் நகல் 28 நாளுக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும், புதிதாகக் குடிவரும்போது என்றால் வருமுன்பே. சோதிக்க வருபவரிடம் கேஸ் சேஃப் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். "எனக்குத் தெரிந்த பையன், நல்லா வேலை செய்வான்" என்பது போதாது. நம் ஆட்களிடையே இந்தப் பழக்கம் கொஞ்சம் அதிகம், அதனால்தான் சொல்கிறேன்.

சரி, பூஞ்சைக்கு வருவோம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் அறையில் ஒரு நோயல்ல, இரண்டு. ஜன்னலுக்கு மேலே மழையோடு சேர்ந்து வளரும் பழுப்புத் திட்டு, வெளியிலிருந்து சுவருக்குள் இறங்கும் தண்ணீர். கூரை விளிம்பில் ஓடும் தண்ணீர்த் தகரம் இலை அடைத்து வழியலாம், செங்கல்களுக்கு இடையே உள்ள பூச்சு உதிர்ந்திருக்கலாம், ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே விரிசல் விட்டிருக்கலாம். அடுத்த மழையில் வெளியே நின்று அண்ணாந்து பாருங்கள், பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். சோறு வடிப்பதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கூரை, வெளிச்சுவர், தண்ணீர்த் தகரம், வடிகால் எல்லாவற்றையும் பழுது பார்ப்பது 1985-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி வீட்டுக்காரர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது.

மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் இருக்கும் கறுப்பு வேறு வகை. அது வீட்டுக்குள் இருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவதால் வருவது. அங்கிள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருப்பது இந்த இடத்தில் மட்டும்தான். நான்கு பேர் உள்ள ஒரு குடும்பம் சமைத்து, குளித்து, துவைத்து, மூச்சுவிட்டு ஒரு நாளில் 10 லிட்டர் அளவுக்குத் தண்ணீரைக் காற்றில் கலந்துவிடும். நீங்கள் மூன்று பேர் என்பதால் கொஞ்சம் குறையலாம். ஆனால் அந்த ஈரம் எங்கே போக வேண்டும்? ஃபேன் வழியாக வெளியே. உங்கள் குளியலறை ஃபேன்தான் ஓடவே இல்லையே.

அறையில் 20 டிகிரி வெப்பம், 60 சதவீதம் ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்காருகிறவருக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனால் அந்தக் காற்று 15 டிகிரிக்குச் சற்று மேலே உள்ள ஒரு சுவரைத் தொட்டால், அந்தப் பரப்பை ஒட்டிய ஈரப்பதம் 80 சதவீதத்தை எட்டிவிடும். பூஞ்சை வளர அது போதும். சுவரில் தண்ணீர் முத்து முத்தாக வழிய வேண்டும் என்பதில்லை. ஈஸ்ட் ஹாமின் பழைய வரிசை வீடுகள் பெரும்பாலும் ஒன்பது அங்குலக் கெட்டிச் செங்கல் சுவர் கொண்டவை, நடுவில் காற்றிடைவெளி கிடையாது. ஜனவரி மாதத்தில் அப்படிப்பட்ட வெளிச்சுவர் மூலை 12, 13 டிகிரிக்கு இறங்குவது சர்வ சாதாரணம். மூலைக்கு இரண்டு பக்கமும் குளிர், காற்றோட்டமும் குறைவு. அலமாரிக்குப் பின்னால் அறையின் சூடு போய்ச் சேராது. அதனால்தான் பூஞ்சை எப்போதும் இந்த இடங்களையே தேடிப் பிடிக்கிறது.

இரண்டு நோயும் ஒன்றையொன்று வளர்க்கும். மழையில் ஊறிய செங்கல் காய்ந்த செங்கலைவிடச் சீக்கிரம் சூட்டை இழக்கும். ஆகவே தண்ணீர் இறங்கும் சுவர் இன்னும் குளிரும், குளிர்ந்த சுவரில் இன்னும் ஈரம் படியும். இதைச் சரிசெய்யாமல் மேலே பெயின்ட் அடித்தால் என்ன ஆகும் என்பதை நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையே நீங்களே பார்த்துவிட்டீர்கள். அந்த பெயின்டில் பூஞ்சைக்கொல்லி இருக்கும், பொய்யில்லை. ஆனால் அது சுவரைச் சூடாக்கவும் செய்யாது, மழையைத் தடுக்கவும் செய்யாது.

இடையில் ஒரு எச்சரிக்கை. வீட்டுக்காரர் ஈரம் பார்க்கும் கம்பெனி ஒன்றைக் கூப்பிடலாம். அவர்கள் இரண்டு ஊசி வைத்த மீட்டரைச் சுவரில் குத்தி, சிவப்பு விளக்கைக் காட்டி, சுவருக்கு மருந்து ஏற்ற வேண்டும் என்பார்கள். அந்த மீட்டர் மரத்துக்காகச் செய்தது. சுவரில் உப்பு இருந்தாலே எகிறிவிடும். சிலர் நேர்மையானவர்கள்தான், ஆனால் மருந்து விற்பவரே நோயையும் சொல்வதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. தரையிலிருந்து மேலேறும் ஈரம் பொதுவாக ஒரு மீட்டர் உயரத்தோடு நின்றுவிடும், அலை வந்து போன கோடு மாதிரி உப்புத் தடம் விடும். ஜன்னலுக்கு மேலே இருப்பதற்கு அது காரணமாகவே இருக்க முடியாது.

அங்கிளின் "நீங்கள் வாழும் முறைதான் காரணம்" என்ற வாதம் புதிதல்ல. இங்கிலாந்தின் வடக்கே ரோச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுப் பையன் 2020 டிசம்பரில் இறந்தான். குறைந்த வாடகைக்கு வீடு தரும் வீட்டுச் சங்கம் ஒன்றின் வீட்டில் நெடுநாள் பூஞ்சையைச் சுவாசித்ததால் வந்த கடுமையான மூச்சுக்கோளாறுதான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அப்பா 2017-லேயே புகார் செய்திருந்தார். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். அந்தக் குடும்பம் சூடான் நாட்டிலிருந்து வந்தது. அவர்கள் குளிக்கும் முறை, சமைக்கும் முறை பற்றித் தாங்களாகவே ஒன்றை ஊகித்துக்கொண்டு பழியை அவர்கள் மேல் போட்டதை அந்த வீட்டு நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மூலையில் பூஞ்சை இருக்கிற வீட்டிலெல்லாம் இப்படி நடப்பதும் இல்லை. ஆனால் இதற்குப் பிறகு எந்த அதிகாரியும் "துணி காயப்போட்டதால்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட முடியாது.

அந்தப் பையன் பெயராலேயே ஒரு சட்டம் வந்தது. 2025 அக்டோபர் 27 முதல், கவுன்சில் வீடுகளிலும் வீட்டுச் சங்கங்களின் வீடுகளிலும் அவசரமான ஆபத்தை 24 மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும், குறிப்பிடத்தக்க ஈரம், பூஞ்சை என்றால் 10 வேலை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், பார்த்தபின் 5 வேலை நாளுக்குள் ஆபத்தை நீக்க வேண்டும். இந்தக் கெடு முதலில் அவர்களுக்குத்தான் வந்தது. தனியார் வீடுகளுக்கும் விரிவாக்க 2025-ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. யாராவது உங்களிடம் "24 மணி நேரத்தில் செய்தாக வேண்டும்" என்று சொன்னால், அது உங்கள் மாதிரி தனியார் வீட்டைக் குறித்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் உங்களுக்குப் பாதுகாப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தனியார் வீடுகளுக்கு இரண்டு பிடிகள் இருக்கின்றன. ஒன்று, வீடு மனிதர் வாழத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற 2018-ஆம் ஆண்டுச் சட்டம். 2019 மார்ச் 20-இல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி வாடகைதாரரே நேராகக் கோர்ட்டுக்குப் போகலாம். மற்றது 2004-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் வந்த வீட்டு ஆபத்து மதிப்பீட்டு முறை. கவுன்சில் ஆய்வாளர் கையில் இருப்பது இதுதான். 2006-இல் இது வந்தபோது 29 ஆபத்துகளைப் பட்டியலிட்டது. முதல் ஆபத்தே ஈரமும் பூஞ்சையும், இரண்டாவது கடுங்குளிர்.

இந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அது உங்களை எடைபோடுவதில்லை, வீட்டை எடைபோடுகிறது. அடுத்த 12 மாதத்தில் இந்த வீட்டால் ஒருவருக்கு மருத்துவரிடம் போகுமளவு தீங்கு வர எவ்வளவு வாய்ப்பு, வந்தால் எவ்வளவு மோசமாக இருக்கும் என்று கணக்குப் போடுவார்கள். அந்த "ஒருவர்" யார் என்பதையும் விதியே சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு ஆபத்துக்கும் யார் எளிதில் பாதிக்கப்படுவாரோ அவர். பூஞ்சைக்கு 14 வயதுவரை உள்ள குழந்தைகள். கடுங்குளிருக்கு 65 வயதும் அதற்கு மேலும். வீடு என்று ஒன்று இருந்தால் அதில் சமைப்பார்கள், குளிப்பார்கள், துணி துவைப்பார்கள். இத்தனை பேர் இருக்கலாம் என்று கட்டிய வீட்டில் அத்தனை பேர் சாதாரணமாக வாழ்ந்தாலே சுவர் கறுத்தால் குறை வீட்டில். ஒரு படுக்கையறை வீட்டில் எட்டுப் பேர் இருந்தால் கதை வேறு. நீங்கள் மூன்றே பேர்.

மதிப்பெண் 1000-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ முதல் வகை ஆபத்து. அப்போது கவுன்சில் நடவடிக்கை எடுத்தே தீர வேண்டும். அதற்குக் கீழே இரண்டாம் வகை, எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். இந்தத் தொழிலுக்குள் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பூஞ்சை மட்டும் பல சமயம் இரண்டாம் வகையிலேயே நின்றுவிடும். கடுங்குளிர் அப்படியல்ல, அது சுலபமாக முதல் வகைக்கு ஏறும். எனவே புகாரில் பூஞ்சையை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். பாயிலர் நின்றுபோகும் நாட்கள், அந்த அறையில் விடிகாலை எத்தனை டிகிரி, கெட்டிச் சுவர், ஓடாத ஃபேன், கேஸ் சான்று இல்லாதது எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு சின்ன வெப்பமானி, ஈரப்பதமானி சேர்ந்த கருவி பத்துப் பவுண்டுக்கே கிடைக்கும். காலையிலும் இரவிலும் பார்த்துக் குறித்து வையுங்கள்.

இனி எப்படி நகர்வது என்று சொல்கிறேன்.

முதலில் கவுன்சில் அல்ல, அங்கிள்தான். ஆனால் போனில் அல்ல, எழுத்தில். இமெயில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் அதையே போடுங்கள். பெரிய காரணம் மரியாதை அல்ல. 2018 சட்டமும் 11-ஆம் பிரிவும் பெரும்பாலும் வீட்டுக்காரருக்குக் குறை தெரிந்த நாளிலிருந்துதான் அவரைப் பிடிக்கும். "நேரில் எத்தனையோ தடவை சொன்னேன்" என்பது நம் பேச்சில் பெரிய சாட்சி, கோர்ட்டில் இல்லை. ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதுங்கள். என்ன குறை, எப்போதிலிருந்து, நவம்பரில் பெயின்ட் அடித்தும் ஜனவரியில் திரும்ப வந்தது, குழந்தையின் வயது, இருமல், படங்கள், என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். குறையைத் தேதி போட்டுச் சொன்னால் போதும், சண்டைக்கு இழுக்கும் ஒரு சொல்லும் வேண்டாம். "அன்புள்ள அங்கிள்" என்றே ஆரம்பிக்கலாம், அதில் தப்பில்லை.

கேட்க வேண்டியவை: தண்ணீர்த் தகரத்தையும் வெளிச்சுவரையும் பார்த்துச் சரிசெய்வது, குளியலறையில் ஈரத்தை உணர்ந்து தானே ஓடும் ஃபேன், பாயிலர் பழுதும் கேஸ் சான்றும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய மின்சாரச் சோதனை அறிக்கை. சமையலறையில் அடுப்புக்கு மேலே புகைபோக்கி ஒன்று இருக்குமே, அதன் குழாய் வெளியே போகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அது எண்ணெயை மட்டும் வடிகட்டிவிட்டு இட்லிச் சட்டியின் ஆவியை அப்படியே நம் தலைமேல் திருப்பி ஊதும். அப்படியானால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். இட்லியை விட வேண்டிய அவசியமில்லை.

பதில் வரவில்லை, அல்லது "நீங்கள்தான் காரணம்" என்றே வந்தது என்றால், இரண்டு வாரம் பொறுத்துவிட்டு உங்கள் ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாம் கவுன்சிலின் தனியார் வாடகை வீட்டுப் பிரிவுக்குப் புகார் செய்யுங்கள். பாயிலருக்கு இந்தப் பொறுமையும் தேவையில்லை. இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். நியூஹாம்தான் 2013-இல் தன் பகுதி முழுவதற்கும் தனியார் வாடகை வீட்டுக்கு உரிமம் கட்டாயம் என்று கொண்டுவந்த முதல் கவுன்சில். பின்னர் சில வார்டுகள் விலக்குப் பெற்றிருக்கின்றன. உங்கள் முகவரிக்கு உரிமம் வேண்டுமா, எடுத்திருக்கிறாரா என்பதைக் கவுன்சிலின் பொதுப் பதிவேட்டில் நீங்களே பார்க்கலாம். எடுக்க வேண்டியதை எடுக்காமல் இருந்தால், கட்டிய வாடகையில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்டு நீங்கள் டிரிபியூனல் என்ற தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

ஆய்வாளர் பொதுவாக வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் 24 மணி நேரம் முன்னே சொல்லிவிட்டு வருவார். வருமுன் சுவரைத் துடைத்துப் பளிச்சென்று வைத்துவிடாதீர்கள்! விருந்தாளி வருகிறார் என்று நம் கை தானாக வேலை செய்யும், எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். துடைத்தே ஆக வேண்டியிருந்தால் முதலில் தேதி தெரியும்படி படம் எடுங்கள். ஆய்வுக்குப் பின் கவுன்சில் சீர்திருத்த நோட்டீஸ் கொடுக்கலாம். கொடுத்த 28 நாள் வரை வேலையைத் தொடங்கச் சொல்ல முடியாது, எனவே மறுநாளே ஆள் வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் நோட்டீஸை மதிக்காவிட்டால் அது குற்றம். வழக்குக்குப் பதிலாகக் கவுன்சிலே 40,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் அதுவரை போக மாட்டார்கள். கவுன்சிலிலிருந்து முதல் கடிதம் வந்ததுமே ஃபேன் பொருத்தியவர்கள் நிறைய.

காலி செய்யச் சொல்வாரா? காரணமே சொல்லாமல் அனுப்ப உதவிய செக்‌ஷன் 21 நோட்டீஸ் 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் செல்லாது. சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் காட்டியாக வேண்டும். வீட்டை விற்கிறேன், நானே குடிவருகிறேன் என்று சொல்ல அவருக்கு வழி உண்டு. ஆனால் நீங்கள் குடிவந்து 12 மாதம் முடியும் முன் அதைச் சொல்லி உங்களை வெளியேற்ற முடியாது, நான்கு மாத நோட்டீஸும் தர வேண்டும், அந்தக் காரணத்தைக் காட்டியபின் 12 மாதம் வேறு யாருக்கும் வாடகைக்கு விடவும் கூடாது. கோபத்தில் வாடகையை ஏற்றினால் அதை டிரிபியூனலில் எதிர்க்கலாம். நீங்கள் அவருக்கு எளிதான காரணத்தைக் கொடுக்காமல் இருந்தால் போதும். அதாவது, பூஞ்சை போகும்வரை வாடகை தர மாட்டேன் என்று மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நியாயமாகத் தோன்றும், ஆனால் வாடகைப் பாக்கி ஒன்றுதான் அவர் கையில் உண்மையான ஆயுதமாக மாறும்.

விசா பயம் தேவையே இல்லை. உங்கள் விசாவில் பொது நிதி பெறக் கூடாது என்று எழுதியிருக்கும். அது குறிப்பிட்ட சில உதவித்தொகைகளையும், கவுன்சில் வீடு ஒதுக்கீடு, வீடற்றோர் உதவி போன்றவற்றையும் பற்றியது. வாடகை வீட்டை வந்து சோதிக்கச் சொல்வது அதில் சேராது. உங்கள் வாடகை விசாவோடு கட்டியதும் அல்ல. "ஹோம் ஆஃபீஸுக்குப் போகும்" என்று விசா பார்க்கும் உள்துறையைச் சொல்லி யாராவது மிரட்டினால், அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், கவுன்சிலுக்கு உபயோகப்படும்.

அங்கிளோடு உறவு என்ன ஆகும் என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. அவர் உதவியதை மறக்க வேண்டாம். அதற்கான நன்றியைப் பையன் நுரையீரலால் கட்ட வேண்டியதும் இல்லை. மாதா மாதம் வாடகை வாங்கும்போது அவர் தொழில் செய்கிறார், கேஸ் சான்று அந்தத் தொழிலின் குறைந்தபட்சச் செலவு. என் அனுபவத்தில் இப்படிப்பட்டவர்களில் பலர் கெட்டவர்கள் அல்ல, தங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது, அதிலேயே பிள்ளைகளை வளர்த்தோம் என்று நினைப்பவர்கள். அவர்களுக்குச் சட்டத்தைவிட ஒரு ஈரப்பதமானியின் எண்ணைக் காட்டினால் சீக்கிரம் புரியும்.

உங்கள் பக்கமும் வேலை இருக்கிறது. பையனை இன்றிரவே வேறு அறையில் படுக்க வையுங்கள், உங்கள் அறையிலேயே நெருக்கிக்கொண்டாலும் சரி. இருமலைக் காட்டி, வீட்டில் பூஞ்சை இருப்பதை ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவரிடம்) சொல்லிக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். நீங்கள் நர்ஸ், விலா உள்ளிழுப்பதையும் உதடு நீலமாவதையும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொந்தக் குழந்தை என்றால் நம் கண் கொஞ்சம் மங்கும், தயங்காமல் ஆம்புலன்ஸுக்கு 999 அழையுங்கள். பூஞ்சையைத் துடைக்கும்போது கையுறை, முகக்கவசம் போட்டு, பூஞ்சைக்கான திரவத்தால் ஈரத்துணி கொண்டு துடையுங்கள், காய்ந்த தூரிகையால் தேய்த்தால் வித்துகள் அறையெல்லாம் பறக்கும். பிளீச்சை வேறு எந்தத் திரவத்தோடும் கலக்காதீர்கள். பையன் அப்போது வீட்டில் இருக்க வேண்டாம்.

அலமாரியை வெளிச்சுவரிலிருந்து நகர்த்தி உட்சுவரில் வையுங்கள், இடமில்லை என்றால் ஒரு கை நுழையுமளவு விலக்குங்கள். ஜன்னல் சட்டத்தின் மேல் சின்னக் காற்றுத்துளை இருந்தால் திறந்து வையுங்கள், குளிருக்குப் பயந்து டேப் ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். சமைக்கும்போது பாத்திரத்துக்கு மூடி, சமையலறைக் கதவுக்கும் மூடல், ஜன்னல் மட்டும் கொஞ்சம் திறப்பு. துணியைப் படுக்கையறை ரேடியேட்டரில் போடுவதை விடுங்கள். அதில் அங்கிள் சொல்வது சரிதான். குளியலறைக்குள் காயப்போட்டு, கதவைச் சாத்தி, ஃபேன் வரும்வரை ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஹீட்டரைக் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் கொளுத்திவிட்டு அணைப்பதைவிட, குறைந்த சூட்டில் நீண்ட நேரம் ஓடவிடுவது இந்த மாதிரிக் கெட்டிச் சுவருக்கு நல்லது. செங்கல் மெதுவாகத்தான் சூடாகும். பில்லை நினைத்தால் கஷ்டம்தான், தெரியும். சிலிண்டர் வைத்த கேஸ் ஹீட்டரை மட்டும் யார் இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். எரியும் கேஸிலிருந்து தண்ணீர் ஆவியும் வரும், கார்பன் மோனாக்சைடு அபாயமும் வரும்.

வேறு வீடு பார்க்கலாமா என்றால், பாருங்கள், ஆனால் ஓடிப்போக வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை. அவசரத்தில் எடுக்கும் வீடும் இதே வயதுச் செங்கல் வீடாகத்தான் இருக்கும். பார்க்கப் போகும்போது வெயில் வரும் முன்னறையில் நின்று பேசிக்கொண்டிருக்காமல் வடக்குப் பார்த்த அறைக்குப் போங்கள். அலமாரியை இழுத்துப் பின்னால் பாருங்கள். குளியலறை ஃபேனைப் போட்டு ஒரு டிஷ்யூ தாளை அதன்மேல் வையுங்கள், பிடித்துக்கொள்ளாவிட்டால் அது வெறும் சத்தம்தான். ஒரே ஒரு அறையில் மட்டும் புது பெயின்ட் வாசனை அடித்தால் ஏன் என்று கேளுங்கள். எரிசக்திச் சான்றிதழில் வீட்டுக்கு ஏ முதல் ஜி வரை தரம் போட்டிருக்கும், அது ஈ என்பதற்குக் கீழே இருந்தால், விலக்குப் பதிவு செய்யாதவரை அதை வாடகைக்கு விடவே கூடாது. கேஸ் சான்றையும் மின்சார அறிக்கையையும் பார்த்தபின் முன்பணம் கட்டுங்கள். ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே என்றால் அது ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. கட்டிய 30 நாளுக்குள் அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்த விவரம் உங்களுக்கு வர வேண்டும். இந்த வீட்டு முன்பணத்துக்கு அந்தக் கடிதம் வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. தேடிப் பாருங்கள், இல்லையென்றால் அங்கிளுக்கு எழுதும் இமெயிலில் அதையும் ஒரு வரியில் கேட்டுவிடுங்கள்.